நஞ்சையில் வரும் வணிக வளாகம்: அனுமதி கிடைக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

அரசலாறு_தென்கரை

எங்கள் நகராட்சி எல்லையில் ஒரு வணிக வளாகத்துக்குத் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. ஊர்ப் பெயரும் முதலாளி பெயரும் இங்கே வேண்டாம். நிலம் 2 ஏக்கர் 46 சென்ட், முழுக்க நஞ்சை, இப்போது தரிசு. முன்னால் 12 மீட்டர் சாலை, கிழக்கே பாசன வாய்க்கால், பின்னால் மூன்று தெருக் குடியிருப்பு. அடித்தளத்தில் 4,500 சதுர மீட்டர் வண்டி நிறுத்தம். மேலே தரைத்தளமும் 3 மாடியும், தளத்துக்கு 4,600 சதுர மீட்டர். ஜவுளி, சூப்பர் மார்க்கெட், 300 இருக்கை உணவுக்கூடம், மூன்றாம் மாடியில் 4 திரையரங்கு.

தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதப் போகிறோம். வேளாண் மண்டலச் சட்டம் இருப்பதால் திட்டம் தானாக நின்றுவிடும் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "ஊர் கெட்டுப்போகும்" என்று மட்டும் எழுதினால் அந்த மனு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

புலப்படம்

முதலில் அந்த நம்பிக்கையை விடுங்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தடுப்பது அதன் அட்டவணையில் உள்ள தொழில்களை: எண்ணெய், எரிவாயு எடுப்பது, துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு போன்றவை. கடை வளாகம் அதில் இல்லை. அந்தச் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மனு போட்டால் "பொருந்தாது" என்று ஒரு வரியில் பதில் வரும், நேரமும் போய்விடும்.

நிலப் பயன்பாட்டில்தான் உங்களுக்கு வழி இருக்கிறது. நகரின் முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண் எந்த மண்டலம் என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வேளாண் பயன்பாடு என்றிருந்தால், வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றாமல் திட்ட அனுமதி தர முடியாது. அந்த மாற்றத்துக்கு முன் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அறிவிப்பில் குறித்த நாளுக்குள் பதிவுத் தபாலில் மனு போக வேண்டும். வெறும் கட்டட அனுமதிக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் கிடையாது. ஆகவே மண்டல மாற்றக் கட்டத்தைத் தவறவிட்டால் அடுத்து உரிமையோடு பேசக் கிடைக்கும் இடம் குறைவு.

இணையத்தில் புலப்படமும் 'அ' பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையாளரும் உள்ள வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்து, கிழக்கே உள்ள வாய்க்கால் வாய்க்கால் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா, பட்டாவுக்குள்ளேயே ஓடுகிறதா என்று பாருங்கள். புறம்போக்கு என்றால் அதன் அகலம் படத்தில் இருக்கும். நேரில் டேப் பிடித்து அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நிலத்தின் அளவையும் கவனியுங்கள். 2 ஏக்கர் 46 சென்ட் என்பது சுமார் 9,955 சதுர மீட்டர். 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். இரண்டு சென்ட் கூடுதல், குறைவில் தெருவுக்கு ஒரு பூங்கா கிடைப்பதும் போவதும் நிற்கிறது. அதே முதலாளி பெயரிலோ பங்காளி பெயரிலோ ஒட்டிய நிலம் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இருந்தால் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று எழுதலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 4 தளம் 4,600 வீதம் 18,400. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மொத்தத் தளப்பரப்பை நிலப்பரப்பால் வகுத்தது, 1.85 வரும், 2.0 என்ற வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதிக்குக் கணக்கு வேறு. 2006 அறிவிக்கையில் 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பு என்பது அடித்தளத்தையும் சேர்த்துத்தான். 18,400-ஓடு 4,500 சேர்த்தால் 22,900. மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் கடைக்கால்கூட வெட்டக் கூடாது. கட்டடத் திட்டங்களுக்குப் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. ஆனாலும் ஆணையத்துக்கு எழுத்து மூலம் அனுப்பத் தடை இல்லை. விண்ணப்பம் பரிவேஷ் தளத்தில் (சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் இணையதளம்) ஏறியதும் பாருங்கள்.

கடைத்தெரு_வாசி

புலப்படம் சார் சொன்னதோடு உயரத்தையும் பாருங்கள். மூன்றாம் மாடியில் திரையரங்கு என்றால் கீழே மூன்று தளம் 4.2 மீட்டர் வீதம் 12.6. அரங்கக் கூரைக்கு 8 மீட்டராவது வேண்டும். 20 மீட்டரைத் தாண்டிவிடும். 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். சுற்றி விட வேண்டிய இடம், சாலை அகலம், தீயணைப்பு என்று எல்லா விதியும் மாறும். தரைத்தள வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வெட்டுமுகப் படத்தைக் கேளுங்கள்.

மற்றபடி வளாகமே வேண்டாம் என்று நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே அனுமதி கிடைக்காவிட்டால் அதே ஜவுளிக்கடை ஊர் நடுவில் 20 அடித் தெருவில் 4 மாடி எழுப்பும். பஜாரில் அப்படி வந்தவற்றுக்கு நிறுத்துமிடமும் இல்லை, கழிப்பறையும் இல்லை. சரக்கு லாரி பகலில் தெருவை மறித்துக்கொண்டு நிற்கிறது. புறநகரில் முறையாகக் கட்டுவது ஊருக்கு நல்லதுதான். அந்த முறையை எழுதி வாங்குவதில்தான் நம் வேலை இருக்கிறது.

சம்பா_மடை

நிறுத்துமிடம் பிறகு பேசலாம், முதலில் தண்ணீர். டெல்டாவில் வயல் வெறும் விளைநிலம் இல்லை, மழைக்கு அதுதான் தொட்டி. இந்த நிலம் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் வயலில் வரப்பு 15 சென்டிமீட்டர் தண்ணீரை நிறுத்தினால் 1,500 கனமீட்டர். அந்த வயலை மேடாக்கித் தளம் போட்டுவிட்டால் இது அத்தனையும் போச்சு. மணிக்கு 50 மில்லிமீட்டர் பெய்யும் ஐப்பசி மழையில், 90 சதவீதம் வழிந்தோடும் என்று வைத்தால், அந்த ஒரு மணி நேரத்தில் 450 கனமீட்டர் வெளியே வரும். விநாடிக்கு 125 லிட்டர். அது போகிற இடம் பின்னாலிருக்கும் மூன்று தெருவும் அந்த வாய்க்காலும்தான். தீபாவளிக் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே மாதத்தில் வருவதால் சாலையில் தண்ணீரும் வண்டியும் சேர்ந்தே நிற்கும்.

அடுத்து மேடாக்கும் மண். நஞ்சை சாலையைவிட ஒரு மீட்டர் தாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் போக மீதிப் பரப்பு 5,500 சதுர மீட்டர். இறுகிய பின் 5,500 கனமீட்டர், தளர்ந்த மண் கிட்டத்தட்ட 6,900. மூன்று யூனிட் டிப்பர் ஒரு நடைக்கு 8.5 கனமீட்டர் ஏற்றும், ஆக 800 நடைக்கு மேல். அடித்தளம் தோண்டிய களிமண்ணையே அங்கே நிரப்பினால் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும், மேலே போட்ட தளக்கல் பெயரும். வெளியே கொண்டுபோனால் எந்தப் பள்ளத்தில் கொட்டுவார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் இன்னொரு வடிகாலில்தான் போய் விழுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து நுழைவுப் பாலம். வாய்க்காலைக் கடந்து வண்டி போக 600 மில்லிமீட்டர் சிமெண்ட் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண்ணை மூடிவிடுவார்கள். 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் ஓடும் வாய்க்காலின் குறுக்கு வெட்டு 1.5 சதுர மீட்டர். அந்தக் குழாயின் வாய் 0.28. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு குழாய் போட்டாலும் 0.57தான். ஆகாயத்தாமரையும் நெகிழிப் பையும் ஒரு முறை வந்து அடைத்தால் மேல்மடை வயல் மூழ்கும், கடைமடை காயும். ஆகவே நிபந்தனை இப்படி இருக்கட்டும்: வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பெட்டிப் பாலம், நடுவில் தூண் கூடாது, பாலத்தின் உள்தரை வாய்க்கால் படுகை மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும், தூர்வார இயந்திரம் இறங்க ஒரு கரையில் 3 மீட்டர் வழி விட வேண்டும். வேலை மேட்டூர் மூடியிருக்கும் காலத்தில் மட்டுமே, அதாவது ஜனவரி 28-க்கும் ஜூன் 12-க்கும் இடையில். அறுவடைக்கு முந்தின தண்ணீர் வடிவதற்கும் இடம் விட்டு மாசி முதல் வைகாசிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றில் "வெள்ளப் பாதிப்பு இல்லை" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. எந்த மட்டத்தை எடுத்துச் சொன்னார்கள், தரை எவ்வளவு உயரலாம், மழைநீர் எந்த வடிகாலில் விழ வேண்டும் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். வளாகத்துக்குள்ளேயே 450 கனமீட்டர் பிடிக்கும் தேக்கத் தொட்டி கேளுங்கள். 15 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம்தான். அந்த முதலீட்டுக்கு இது ஒன்றும் பெரிய செலவு இல்லை.

நெல்லு_வண்டி

சம்பா அண்ணே, மழைநீர்த் தொட்டிக்குப் பதில் உறிஞ்சுகுழி போடுகிறோம் என்று சொன்னால்?

சம்பா_மடை

கார்த்திகையில் நிலத்தடி நீர் தரையோடு நிற்கும் ஊரில் குழி எதை உறிஞ்சும் தம்பி? களிமண் வேறு. குழி தானே நிரம்பிக் கிடக்கும். மழைநீர் சேகரிப்புக்காக விதிப்படி போடட்டும், வெள்ளத்துக்கு அதைக் கணக்கில் காட்டக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியின் வழிநீருக்கும் இதுதான் நிலைமை.

சிக்னல்_ஓரம்

சாலைக்கு வருவோம். "12 மீட்டர் சாலை" என்பது எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல். மின்கம்பம், வடிகால், மண் ஓரம் போக வண்டி ஓடும் தார்ப்பரப்பு 7 மீட்டர்தான் இருக்கும். இரண்டு வழித்தடம், எதிரும் புதிருமாக. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் நகர்ச் சாலைகளுக்குத் தந்த வழிகாட்டியில் இப்படிப்பட்ட சாலையின் கொள்ளளவு, இரு திசையும் சேர்த்து, மணிக்கு 1,200 கார் அலகு (ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றிக் கூட்டும் கணக்கு). ஓரத்தில் வண்டிகள் நின்று, குறுக்கே ஆட்கள் கடக்கும் சாலை என்றால் 900தான்.

எண்ணிப் பார்ப்பது கடினமில்லை. மாலை 5:30 முதல் 8:30 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், திசைக்கு இரண்டு பேர். சாதாரண வாரநாள் ஒன்று, முகூர்த்த நாள் ஒன்று, சனிக்கிழமை ஒன்று. இருசக்கர வண்டி, கார், ஆட்டோ, பேருந்து மற்றும் லாரி, டிராக்டர், சைக்கிள் என்று தனித்தனிக் கோடு. அறுவடைக் காலம் என்றால் டிராக்டர் டிரெய்லரை விடாதீர்கள், ஒன்றே 4 முதல் 5 கார் அலகு.

ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன், உங்கள் எண்ணை இதில் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 700 இருசக்கர வண்டி 0.75 வீதம் 525. 200 கார் 200. 110 ஆட்டோ 2.0 வீதம் 220. 40 பேருந்து, லாரி 2.2 வீதம் 88. மொத்தம் 1,033. வளாகம் வருவதற்கு முன்பே 900-ஐத் தாண்டியாகிவிட்டது. 1,200 என்று தாராளமாக வைத்தாலும் மிச்சம் 167. வளாகத்துக்கு மணிக்கு 150 இருசக்கர வண்டி வந்து, 150 வெளியே போனால் அதுவே 225. கார் இன்னும் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

அவர்கள் தரும் போக்குவரத்து ஆய்வில் நான் முதலில் பார்ப்பது எண்ணிய தேதி. ஆடி மாத வெறிச்சோடிய செவ்வாய்க்கிழமையில் எண்ணியிருந்தால் மறு எண்ணிக்கை கேளுங்கள். கும்பகோணம் சுற்றுவட்டாரம் என்றால் 2028 மகாமகத்துக்கு அந்தச் சாலை மாற்றுப் பாதையாக வருமா என்றும் கேட்க வேண்டும்.

அரசலாறு_தென்கரை

நிறுத்துமிடம் 4,500 சதுர மீட்டர் போதுமா சார்?

சிக்னல்_ஓரம்

ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால் ஓடுபாதை, சரிவுப்பாதை, தூண், படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் காருக்கு 30 முதல் 35 ஆகிவிடும். அப்படியானால் 130 முதல் 150 கார். நம் ஊரில் வருபவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில்தான் வருவார்கள், ஒரு கார் இடத்தில் ஐந்தாறு வண்டி நிற்கும். எனவே மொத்த எண்ணிக்கையைவிடப் பிரிவினை முக்கியம். இருசக்கர வண்டிக்குத் தரைமட்டத்தில், தனி வாயிலோடு இடம் கேளுங்கள். சரிவில் இறங்கி, சீட்டு வாங்கி, காசும் கொடுக்க வேண்டும் என்றால் பத்து நிமிட வேலைக்கு வருகிறவர் சாலை ஓரத்திலேயே நிறுத்திவிட்டுப் போவார். சாலையின் கொள்ளளவு 1,200-லிருந்து 900-க்கு இறங்குவது இப்படித்தான்.

சீட்டுக் கூண்டு வாயிலிலேயே இருக்கக் கூடாது. ஒரு வண்டிக்கு 12 விநாடி என்றால் மணிக்கு 300 வண்டிதான் உள்ளே போகும். ஐந்து கார் வரிசை நின்றால் 30 மீட்டர். அந்த 30 மீட்டரும் வளாகத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது கூண்டு எல்லையிலிருந்து 30 மீட்டர் உள்ளே. சரக்கு லாரி உள்ளே போய்த் திரும்பி முகம் பார்த்தே வெளியே வர வேண்டும், பின்னோக்கிச் சாலைக்கு வரக் கூடாது. பேருந்து நிறுத்தத்துக்கு உள்வாங்கிய இடம் அவர்கள் முகப்பிலிருந்து விடட்டும்.

அடித்தளத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் ஓயாமல் மோட்டார் ஓட வேண்டும். ஒரு மழைக்கு மின்சாரம் நின்றால் வண்டிகள் மூழ்கும். இரண்டு மழைக்காலம் பார்த்தபின் அதைக் கிடங்காக்கிவிட்டு வண்டிகளைச் சாலைக்கு அனுப்புவார்கள். தரைத்தளத்தைத் தூண்மேல் நிறுத்தி, அதன் கீழே வண்டி விடுவது டெல்டாவுக்குப் பொருந்தும். கடைப் பரப்பு குறையும் என்பதால் எதிர்ப்பார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஏணி_எண்7

தீ விஷயத்தில் யாரும் பேரம் பேசக் கூடாது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் போனதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி கடைகளின் மேல்தளத்தில் 6 சதுர மீட்டருக்கு ஓர் ஆள். 4,600-ஐ வகுத்தால் 767 பேர். படிக்கட்டுக்கு ஆளுக்கு 10 மில்லிமீட்டர், ஆக ஒரு தளத்துக்கு 7.67 மீட்டர் படி அகலம் வேண்டும். 2 மீட்டர் படி நான்கு. நகரும் படியையும் மின்தூக்கியையும் இதில் சேர்க்கக் கூடாது. நான்கும் ஒரே மூலையில் இருந்தாலும் பயனில்லை. எந்த இடத்திலிருந்தும் 30 மீட்டருக்குள் ஒரு வெளியேறும் வழி வேண்டும். தரைத்தளத்தில் அந்தப் படிகள் கடைக்குள் திறக்காமல் நேரே வெளியில் திறக்க வேண்டும். ஜவுளிக்கடைகளில் வழக்கமாகக் கெடுவது இதுதான்: படி வாயிலில் சரக்கு மூட்டை, கதவுக்குப் பூட்டு, சாவி காவலாளியிடம். கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் வண்டிப் பாதை படத்தில் இருக்கும்; பிறகு அங்கே ஜெனரேட்டரும் தேநீர்க் கடையும் வந்து உட்காரும். அந்தப் பாதையில் எதுவும் வைக்கக் கூடாது என்று அனுமதி ஆணையிலேயே வர வேண்டும்.

மூன்றாம்_தெரு

பின்னால் வீடு உள்ளவர்களுக்காக. 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளில் குடியிருப்புக்குப் பகல் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. நிலம் வணிக மண்டலமாக மாறினாலும் நம் வீட்டுச் சுவரில் அளக்கும்போது குடியிருப்பு அளவுதான் பொருந்த வேண்டும் என்று எழுதுங்கள். ஜெனரேட்டருக்கு ஒலிக்கூண்டு கட்டாயம், புகைக்குழாய் கட்டட உயரத்தோடு, கிலோ வோல்ட் ஆம்பியரில் சொல்லும் ஜெனரேட்டர் திறனின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர் கூட வேண்டும். 625 என்றால் வர்க்கமூலம் 25, ஆகக் கூரைக்கு மேல் 5 மீட்டர். பின் சுவரில் குளிர்சாதன வெளி அலகுகளை வரிசையாக மாட்டக் கூடாது, எல்லாம் மொட்டை மாடிக்குப் போகட்டும். இரவுக் காட்சி விட்டு வண்டிகள் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். திரையரங்குக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் தனி, அங்கேயும் மனு கொடுக்கலாம்.

தண்ணீர்: உணவுக்கூடம் 300 இருக்கை, 70 லிட்டர் வீதம் 21,000. திரையரங்கு 800 இருக்கை என்றால் 15 வீதம் 12,000. பணியாளர் 400 பேர், 45 வீதம் 18,000. கடைக்கு வந்துபோகிறவர்களைச் சேர்க்காமலே நாளுக்கு 51,000 லிட்டர். ஆழ்துளைக் கிணறா, நகராட்சிக் குழாயா, லாரியா? அதில் 40,000 லிட்டருக்கு மேல் கழிவாக வெளிவரும். சுத்திகரிப்பு நிலையம் எங்கே, சுத்திகரித்த தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு "செடிகளுக்கு" என்று பதில் வரும். மழைக்காலத்தில் செடிக்குத் தண்ணீர் வேண்டாம். அந்த மாதங்களில் வாய்க்காலில் விடுவார்கள் என்றே எண்ணிக் கேளுங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம் மொத்தக் குப்பை உற்பத்தியாளர். ஈரக் குப்பையை அங்கேயே மக்கவைக்க இடம் காட்ட வேண்டும், அது நம் சுவரோரமாக இருக்கக் கூடாது.

கடைத்தெரு_வாசி

வளாகம் திறந்ததும் வாசலில் பூ, கடலை, இளநீர் வண்டிகள் வரும். அதை ஆக்கிரமிப்பு என்று விரட்டுவது அடுத்த வேலையாக இருக்கும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இடம் ஒதுக்க வேண்டும், குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். சுற்றுச்சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி 2 மீட்டர் ஆழத்தில் ஒரு விற்பனை வரிசையை வரைபடத்திலேயே கேளுங்கள். உள்ளே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தருவது 2021 முதல் தமிழ்நாட்டில் சட்டம், ஓய்வறை எந்தத் தளத்தில் என்றும் பாருங்கள். வேலை வரும் என்று சொல்பவர்கள் அந்த வேலை எப்படிப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

நெல்லு_வண்டி

பக்கத்தில் சோழர் கோயில் இருந்தால் தடை உண்டா?

புலப்படம்

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதா என்று பாருங்கள். தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்றவற்றுக்குப் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். எல்லாக் கோயிலுக்கும் இது பொருந்தாது.

அரசலாறு_தென்கரை

எல்லோருக்கும் நன்றி. மனுவை யாருக்கு, எந்த வரிசையில் அனுப்புவது?

புலப்படம்

தகவல் உரிமை மனு முதலில், 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். நகராட்சிக்கும் நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். கேட்க வேண்டியவை: தள வரைபடம், வெட்டுமுகப் படம், நீர்வளத்துறைச் சான்று, நஞ்சை என்பதால் ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும், போக்குவரத்துக் காவல்துறையின் குறிப்பு, தீயணைப்புத் துறைச் சான்று. "காரணம் என்ன" என்று கேட்காதீர்கள், "நகல் தருக" என்று கேளுங்கள். காரணம் கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்சேபணையை அனுப்பிவிடுங்கள், நகல் வந்ததும் கூடுதல் மனு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். வாய்க்கால் பற்றியது நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கு, சாலை பற்றியது சாலை யாருடையதோ அந்த அலுவலகத்துக்கு, 22,900 சதுர மீட்டர் கணக்கு சுற்றுச்சூழல் ஆணையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். ஒவ்வொன்றிலும் நகல் ஆட்சியருக்கு. பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்து அந்த நகலையும் இணையுங்கள்.

ஒவ்வொரு கோரிக்கையையும் "இந்த நிபந்தனையைத் திட்ட அனுமதி ஆணையில் சேர்க்க வேண்டும்" என்று முடியுங்கள். காரணம் இருக்கிறது. இவ்வளவு பெரிய வணிகக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் தரக் கூடாது. ஆணையில் உள்ள நிபந்தனை நிறைவேறவில்லை என்றால் அந்தச் சான்றை நிறுத்தச் சொல்லலாம். ஆணையில் இல்லாததை அப்போது யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பெட்டிப் பாலம், 450 கனமீட்டர் தொட்டி, 30 மீட்டர் உள்ளே கூண்டு, நான்கு படி, இருசக்கர வண்டிக்குத் தனி வாயில். இந்த ஐந்தும் வரைபடத்தில் கோடாக விழுந்துவிட்டால், முடிக்கும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து பார்க்கலாம்.

சம்பா_மடை

வாய்க்கால் படுகை மட்டத்தை இப்போதே, தண்ணீர் இல்லாதபோது, அளவர் வைத்து எடுத்து, பக்கத்து மதகின் கல்லோடு ஒப்பிட்டுப் படத்துடன் மனுவில் சேர்த்துவிடுங்கள். மண் கொட்டத் தொடங்கியபின் பழைய மட்டம் எது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.